கேட்கப்படாத ஒப்புதல்: அரசுப் பள்ளி வழிபாடும் நீதிமன்றத் தீர்ப்புகளும்

1. ஒரு சொல்லும் ஒரு கேள்வியும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் முதல் மணி அடித்ததும் மாணவர்கள் வரிசைகட்டி நிற்கும் கூட்டத்துக்கு ‘காலை வழிபாட்டுக் கூட்டம்’ என்று பெயர். ‘இறைவணக்கக் கூட்டம்’ என்றும் எழுதுவதுண்டு. பிள்ளைகளின் வாயில் அது வெறும் ‘பிரேயர்’. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தாமதமாக ஓடிவரும் பிள்ளை, பிரேயர் முடிந்துவிட்டதா என்றுதான் கேட்கும். அந்தக் கூட்டத்தில் பொதுவாக நடப்பவை தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு குறளும் அதன் பொருளும், செய்தி வாசிப்பு, நாட்டுப்பண் ஆகியவையே. இவற்றில் எதுவும் ஒரு சமயத்தின் சடங்கு அன்று. ஆயினும் பெயர் ‘வழிபாடு’ என்றே நிலைத்திருக்கிறது. பெயர் அப்படி இருப்பதால், ஒரு தலைமையாசிரியரின் விருப்பமோ ஊர்ப் பெரியவர் ஒருவரின் விருப்பமோ அந்த இருபது நிமிடங்களுக்குள் ஒரு பக்திப் பாடலையோ சொற்பொழிவையோ கொண்டுவந்து சேர்ப்பது எளிதாகிறது. வழிபாட்டுக் கூட்டத்தில் வழிபாடு வேண்டாமா என்று கேட்டால் மறுப்பது கடினம்.

பொதுப் பள்ளிகளில் வழிபாடு பற்றி இந்திய நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசியதில்லை. ஒவ்வொரு வழக்கும் ஒவ்வொரு பாட்டைப் பற்றியோ பாடத்திட்டத்தைப் பற்றியோ எழுந்தது. ஒவ்வொன்றிலும் ‘இது சமயம் சார்ந்ததா, பொது அறமா’ என்ற கேள்வியே முன்னால் நின்றது. அந்தக் கேள்வி தேவையானதுதான். ஆனால் அதைக்கொண்டு மட்டும் இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது என்பது இக்கட்டுரையின் வாதம். அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு பாட்டின் பொருளைக் கேட்பதற்கு முன்பே, பங்கேற்பவரின் ஒப்புதலைக் கேட்கிறது. பள்ளி வழக்கம் அந்த ஒப்புதலைக் கேட்பதில்லை. எதிர்ப்பு வராததையே ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறது. தீர்ப்புகளை இந்த ஒரு அளவுகோலை வைத்துப் படித்தால், சிதறிக் கிடப்பதாகத் தோன்றும் சட்டநிலையில் ஓர் ஒழுங்கு தெரியவரும். அந்த ஒழுங்கு விழுப்புரம் மாவட்டம் போன்ற பல சமய, பல சாதி மண்ணில் எப்படிச் செயல்பட வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. பிரிவு 28 பிறந்த வழி

பள்ளியில் சமயம் எதுவரை நுழையலாம் என்ற சர்ச்சை சென்னை மாகாணத்துக்குப் புதிதன்று. 1846இல் சென்னை ஆளுநராக இருந்த ட்வீடேல் பிரபு, அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடநூலாக வைக்கலாம் என்று பரிந்துரைத்தார். சென்னை இந்துக்கள் அதைக் கடுமையாக எதிர்த்தனர். அந்த எதிர்ப்பின் முன்னணியில் கஜுல லட்சுமிநரசு செட்டியார் நின்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவை ஆளுநரின் பரிந்துரையை ஏற்கவில்லை. 1854இல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, அரசே நடத்தும் நிறுவனங்களில் கல்வி முற்றிலும் சமயம் சாராததாக இருக்க வேண்டும் என்றது. பைபிள் நூலகத்தில் இருக்கலாம், மாணவர் தாமாக விரும்பிக் கேட்டால் பள்ளி நேரத்துக்கு வெளியே ஆசிரியர் விளக்கலாம் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. அதே அறிக்கைதான் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் முறைக்கும் வழிவகுத்தது. ஆகவே ‘அரசுப் பள்ளி’, ‘உதவிபெறும் பள்ளி’ என்று இன்று நாம் பேசும் இருவகைப் பள்ளிகளும், அவற்றில் சமயத்துக்குரிய இடம் வேறு வேறு என்ற எண்ணமும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. விழுப்புரம் அடங்கியிருந்த தென்னார்க்காட்டில் இந்தப் பிரிவினை நிலத்திலேயே தெரிந்தது. 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் பணித்தலங்களில் ஒன்றாகத் திண்டிவனம் ஆனது. மிஷன் பள்ளிகளும் அரசு, உள்ளாட்சிப் பள்ளிகளும் இந்தப் பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன.

அரசியல் நிர்ணய சபை 1948 டிசம்பரில் இந்தப் பொருளை விவாதித்தபோது, அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை ஏன் கூடாது என்பதற்கு அம்பேத்கர் தந்த விளக்கம் மூன்று தளங்களில் நின்றது. எல்லாச் சமயத்தாரும் செலுத்தும் வரிப்பணத்தை ஒரு சமயத்தின் போதனைக்குச் செலவிடுவது முறையன்று என்பது முதலாவது. இத்தனை சமயங்களும் உட்பிரிவுகளும் உள்ள நாட்டில் எல்லாவற்றையும் சமமாகப் போதிப்பது நடைமுறையில் இயலாது என்பது இரண்டாவது. தம்முடைய சமயமே மெய் என்று ஒவ்வொன்றும் கூறும் நிலையில், வகுப்பறையில் அந்த மோதலை நுழைப்பது சமூக அமைதியைக் குலைக்கும் என்பது மூன்றாவது. அதே விவாதத்தில் அவர், சமயத்தைப் போதிப்பது வேறு, சமயத்தைப் பற்றி ஆராய்ந்து கற்பது வேறு என்றும் பிரித்துக் காட்டினார். பின்வந்த தீர்ப்புகள் பல இந்தப் பிரிவினையின் மீதே எழுப்பப்பட்டுள்ளன.

சட்டமாகி நின்ற 28ஆம் பிரிவுக்கு மூன்று உட்பிரிவுகள். முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை அளிக்கக் கூடாது என்கிறது முதல் உட்பிரிவு. சமயப் போதனை வேண்டும் என்ற நிபந்தனையுள்ள அறக்கட்டளையின் கீழ் நிறுவப்பட்டு, அரசு நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு விலக்கு அளிக்கிறது இரண்டாவது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனத்தில் பயிலும் எவரையும், அவருடைய ஒப்புதல் இல்லாமல், அவர் சிறுவராயின் பாதுகாவலரின் ஒப்புதல் இல்லாமல், சமயப் போதனையில் பங்கேற்கவோ வழிபாட்டில் கலந்துகொள்ளவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது மூன்றாவது. இங்கே கூர்ந்து நோக்க வேண்டியவை இரண்டு. முதல் உட்பிரிவு ‘போதனை’ என்று மட்டும் சொல்கிறது. ‘வழிபாடு’ என்ற சொல் மூன்றாவதில்தான் வருகிறது. மூன்றாவது உட்பிரிவு, மறுத்தால் விடுவிக்கலாம் என்று எழுதப்படவில்லை. ஒப்புதல் தந்திருந்தால்தான் சேர்க்கலாம் என்று எழுதப்பட்டிருக்கிறது. இவ்விரண்டில் முதலாவது ஓர் இடைவெளி. இரண்டாவது ஒரு கட்டளை. இடைவெளியைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. கட்டளை கவனம் பெறவில்லை.

3. தீர்ப்புகளின் வரிசை

தீர்ப்புகளை இரண்டு ஓடைகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் ஓடை உள்ளடக்கத்தைப் பற்றியது. 1971இல் டி.ஏ.வி. கல்லூரி எதிர் பஞ்சாப் அரசு வழக்கில், குருநானக்கின் வாழ்வையும் போதனைகளையும் ஒரு பல்கலைக்கழகம் ஆய்வுப்பொருளாக்குவது சமயப் போதனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2002 செப்டம்பரில் அருணா ராய் வழக்கில், 2000ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தை எதிர்த்த மனுவைத் தள்ளுபடி செய்த அதே நீதிமன்றம், சமயங்களைப் பற்றிய அறிவையும் அவற்றின் பொது அறங்களையும் கற்பிப்பது 28ஆம் பிரிவுக்கு முரணாகாது என்றது. இந்த ஓடையில் செல்வோருக்குத் திருக்குறள் நல்ல எடுத்துக்காட்டு. 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பள்ளி மாணவர்களுக்கு விரிவாகக் கற்பிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. குறளின் முதல் அதிகாரத்துக்குக் ‘கடவுள் வாழ்த்து’ என்று பெயர் இருப்பதால் அது சமயப் போதனை ஆகிவிடாது. தமிழாசிரியர் அதைப் பொருள் சொல்லி, இலக்கணம் சொல்லி, உரையாசிரியர்கள் வேறுபடும் இடங்களைச் சொல்லி நடத்தும்போது மாணவர் கற்கிறார், வணங்கவில்லை. அதே அதிகாரத்தைக் கைகூப்பிக் கண்மூடிச் சொல் என்று ஒருவர் ஆணையிடும்போது, செய்யுள் மாறவில்லை, செயல் மாறிவிடுகிறது. உள்ளடக்கத்தை மட்டும் பார்க்கும் அளவுகோலுக்கு இந்த வேறுபாடு எட்டாது. இதுவே முதல் ஓடையின் எல்லை.

இரண்டாவது ஓடை மனச்சான்றைப் பற்றியது. 1985 ஜூலையில் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த உடன்பிறந்த மூன்று பிள்ளைகள் நாட்டுப்பண்ணைப் பாடாததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். பண் ஒலிக்கையில் அவர்கள் மரியாதையுடன் எழுந்து நின்றார்கள். பாட மட்டும் மறுத்தார்கள். உயர் நீதிமன்றம் அவர்களுக்கு உதவவில்லை. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில், நீக்கம் செல்லாது என்றது. அத்தீர்ப்பின் மூன்று கருத்துகள் நம் பொருளுக்கு அடித்தளமானவை. அடிப்படை உரிமையைச் சட்டத்தால்தான் வரையறுக்க முடியும். துறைச் சுற்றறிக்கையால் முடியாது. பேச்சுரிமையில் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும். ஒருவருடைய நம்பிக்கை நமக்கு அறிவுக்கு ஏற்றதாகப் படுகிறதா என்பது கேள்வி இல்லை. அதை அவர் உண்மையாக, மனச்சான்றின்படி கொண்டிருக்கிறாரா என்பதே கேள்வி.

அதே வழியில் 2013இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது. நாசிக்கில் உதவிபெறும் பள்ளி ஒன்றின் ஆசிரியர், வழிபாட்டின்போது கைகூப்ப மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டிருந்தார். கைகூப்பச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த வழக்கின் முக்கியத்துவம், பாடலின் சொற்களைவிட உடலின் அசைவை நீதிமன்றம் கருத்தில் கொண்டதில் இருக்கிறது. வழிபாடு என்பது சொல்லில் மட்டும் இல்லை; கையில், கண்ணில், தலை குனிவதில் இருக்கிறது என்பதைக் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போகும் எவரும் அறிவர்.

தமிழ்நாட்டில் இவ்விரு ஓடைகளும் கலந்து குழம்பிய இடங்கள் இரண்டு. 2017 ஜூலை 25 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.வி. முரளிதரன், பள்ளிகளில் வாரம் ஒருமுறையேனும் வந்தே மாதரம் பாடப்பட வேண்டும் என்று உத்தரவிட்டார். தகுந்த காரணம் இருப்பின் எவரையும் வற்புறுத்தக் கூடாது என்ற விலக்கும் அந்த உத்தரவில் இருந்தது. விலக்கு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டதே. ஆயினும் ‘தகுந்த காரணம்’ என்ற சொற்கள் சுமையை எங்கே கொண்டுபோய் வைக்கின்றன என்று பார்க்க வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டியவர் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அது தகுந்ததா என்று முடிவுசெய்பவர் தலைமையாசிரியர். நம்பிக்கை நமக்கு ஏற்புடையதா என்று பார்க்கக் கூடாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் மூடிய கதவு, இந்தச் சொற்களால் மறுபடியும் சற்றுத் திறக்கிறது.

இரண்டாவது இடம் தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணியம் சுந்தரம் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து எடுக்கப்பட்ட இப்பாடலை 1970இல் தமிழ்நாடு அரசு ஏற்றபோது, மூலத்திலிருந்த பரம்பொருளைக் குறிக்கும் பகுதியும் பிற மொழிகளைப் பற்றிய பகுதியும் விலக்கப்பட்டன. அனைவரும் பாடும் பாடல் எவருடைய நம்பிக்கையோடும் மோதக் கூடாது என்ற எண்ணத்துக்கு இந்தத் தேர்வு ஒரு சான்று. 2021 டிசம்பரில் மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இது வழிபாட்டுப் பாடலே, நாட்டுப்பண் போன்றதன்று, இதற்கு எழுந்து நிற்க வேண்டும் என்று சட்டமோ ஆணையோ இல்லை என்றார். அடுத்த சில நாள்களில், டிசம்பர் 17 அன்று, தமிழ்நாடு அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என ஆணை வெளியிட்டது. ஒரே பாடல் ஒரு மாதத்துக்குள் ஒருமுறை வழிபாட்டுப் பாடலாகவும் இன்னொருமுறை மாநிலப் பாடலாகவும் வகைப்படுத்தப்பட்டது. வகைப்பாடு இத்தனை எளிதில் மாறுமென்றால், ஒரு குழந்தையின் உரிமையை அந்த வகைப்பாட்டின் மேல் நிறுத்துவது மணல்மேல் சுவர் எழுப்புவது போன்றது. தமிழைத் தாயாக உருவகித்துப் போற்றுவது பெரும்பாலோருக்கு மொழிப்பற்று. உருவகத்தை வணங்குவது பாவம் என்று உண்மையாக நம்பும் பிள்ளைக்கு அது வேறொன்று. அப்பிள்ளை மரியாதையுடன் எழுந்து, வாய்மூடி நிற்குமானால், 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதன் பக்கம் நிற்கும்.

இவை அனைத்தும் சென்று சேரும் வழக்கு, மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாக்களில் காலையில் சொல்லப்படும் உபநிடத மந்திரத்தையும் இந்திப் பிரார்த்தனையையும் எதிர்த்தது. சமயச் சார்பற்ற பெற்றோரின் பிள்ளைகளும் பிற சமயப் பிள்ளைகளும் முழுவதும் அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் இதைச் சொல்லக் கட்டாயப்படுத்தப்படுகிறார்கள் என்பது மனுவின் சாரம். பொய்மையிலிருந்து மெய்மைக்கு அழைத்துச் செல்லும் வேண்டுதல் எல்லா மனிதர்க்கும் பொதுவானது என்பது மத்திய அரசுத் தரப்பின் வாதம். உச்ச நீதிமன்றத்தின் முழக்கச் சொற்களே மகாபாரதத்திலிருந்து வந்தவை என்றும் சுட்டிக்காட்டப்பட்டது. 2019 ஜனவரி 28 அன்று நீதிபதிகள் ரோகின்டன் நாரிமனும் வினீத் சரணும் இதை அரசமைப்பு அமர்வு முடிவுசெய்ய வேண்டிய கேள்வி என்று பரிந்துரைத்தனர். முதல் உட்பிரிவில் ‘வழிபாடு’ என்ற சொல் இல்லாத அந்த இடைவெளி இவ்வழக்கில்தான் நேரடியாகச் சந்திக்கப்பட வேண்டியிருக்கிறது.

அந்த இடைவெளியை வழிபாட்டுக்கான அனுமதியாகப் படிப்பது தவறு என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பள்ளி வேலைநாளில் ஆசிரியரின் மேற்பார்வையில், குறித்த நேரத்தில், குறித்த சொற்களை, குறித்த நிலையில் பத்தாண்டுகள் சொல்லவைப்பது போதனையின் மிக வலிமையான வடிவம். வீட்டில் பாட்டி சொல்லித் தருவதும் அப்படித்தான், செய்துகாட்டித் திரும்பச் செய்யவைத்து. மேலும், உதவிபெறும் மிஷன் பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு மூன்றாம் உட்பிரிவு தரும் காப்பு, முழுவதும் அரசே நடத்தும் பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு இல்லை என்று கொண்டால், அரசு எவ்வளவு நெருங்கி வருகிறதோ அவ்வளவு உரிமை குறையும் என்றாகிவிடும். அப்படியொரு முடிவை அரசமைப்பின் ஆசிரியர்கள் கருதியிருக்க முடியாது.

4. மூன்று நாடுகள், மூன்று முறைகள்

நம் சட்டத்தின் தனித்தன்மை பிற நாடுகளோடு ஒப்பிட்டால் தெளிவாகும். அமெரிக்காவில் 1962இல் எங்கல் எதிர் விட்டாலி வழக்கில், நியூயார்க் மாநில அதிகாரிகள் எழுதிக்கொடுத்த 22 சொற்கள் கொண்ட பொதுப் பிரார்த்தனையை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. அதில் எந்தச் சபையின் பெயரும் இல்லை. விரும்பாத பிள்ளை ஒதுங்கிக்கொள்ளவும் இடமிருந்தது. இருந்தும், அரசு பிரார்த்தனை எழுதுவதே அரசமைப்புக்கு முரண் என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டு ஷெம்ப் வழக்கில் பைபிள் வாசிப்பும் விலக்கப்பட்டது. பின்னர் அந்தப் போக்கிலும் மாற்றம் வந்தது. 2022இல் பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் ஆட்டம் முடிந்தபின் மைதானத்தில் தனியே பிரார்த்திப்பதை அதே நீதிமன்றம் அனுமதித்தது. இங்கிலாந்திலோ 1944 கல்விச் சட்டம் முதல் அரசுப் பள்ளிகளில் அன்றாடக் கூட்டு வழிபாடு சட்டக் கடமை. விரும்பாத பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். சுருக்கமாகச் சொன்னால், அமெரிக்க முறை அரசுப் பிரார்த்தனையைத் தடுக்கிறது. ஆங்கில முறை நடத்திவிட்டு விலகல் தருகிறது. இந்தியாவின் மூன்றாம் உட்பிரிவு இரண்டிலும் சேராது. முன்கூட்டிய ஒப்புதல் அதன் மையம். ஆனால் நம் பள்ளிகளில் நடைமுறையில் இருப்பது எழுதப்படாத ஆங்கில முறை. அதிலும் விலகும் உரிமை எங்கும் அறிவிக்கப்படாமல்.

5. விழுப்புரம் மண் சொல்லும் சான்று

எல்லாரும் ஏற்கக்கூடிய பொதுப் பிரார்த்தனை ஒன்றை எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நம்புவோருக்கு இந்த மாவட்டமே மறுமொழி சொல்லும். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் பாறையில் நிற்கின்றன. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் தலைமை மடமாகிய ஜினகாஞ்சி மடத்தின் ஊர். பெரமண்டூர், வீடூர் போன்ற ஊர்களிலும் தொன்மையான சமண மரபு வேர்கொண்டிருக்கிறது. சமணம் உலகைப் படைத்த கடவுளை ஏற்பதில்லை. ‘எல்லாம் வல்ல இறைவனே, எங்களைப் படைத்தவனே’ என்ற தொனியில் அமையும் எந்தப் பொதுப் பிரார்த்தனையும், ஒரு சமணப் பிள்ளைக்குப் பொதுவாகாது. அம்பேத்கரின் வழியில் பௌத்தம் தழுவிய குடும்பங்களின் பிள்ளைக்கும், பெரியாரின் வழியில் கடவுள் மறுப்பை ஏற்ற வீட்டின் பிள்ளைக்கும் அது பொதுவாகாது. மயிலத்தின் வீரசைவ மரபு, மேல்மலையனூரின் அங்காளம்மன், ஊர்தோறும் திரௌபதி அம்மன், கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. சபையார், இஸ்லாமியர் என்று விரியும் பட்டியலில், ஒருவருக்குப் பொதுவாகத் தெரிவது இன்னொருவருக்குத் தனியாகத் தெரியும். ‘பொது’ என்று அறிவிக்கும் அதிகாரம் எவர் கையில் இருக்கிறதோ, அவருடைய நம்பிக்கையே பொதுவாகிறது.

இந்த மண்ணின் இன்னொரு சான்று மேலும் ஆழமானது. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் நுழைந்ததைத் தொடர்ந்து 2023இல் மோதல் எழுந்தது. அவ்வாண்டு ஜூனில் வருவாய்த்துறை கோயிலைப் பூட்டி முத்திரையிட்டது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மார்ச்சில் அன்றாடப் பூசைக்காகத் திறக்கப்பட்டு, 2025 ஏப்ரலில்தான் பட்டியல் சாதியினர் உள்ளே சென்று வழிபட முடிந்தது. இது பள்ளி வழக்கன்று. ஆனால் இரண்டையும் இணைக்கும் கோடு, மனச்சான்று உரிமையைத் தரும் 25ஆம் பிரிவில் ஓடுகிறது. கோயில் வாசலில் ஒருவரைத் தடுத்தவர்கள், வழிபாடு ஊர்க்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்றார்கள். பள்ளி வாசலில் ஒருவரைக் கட்டாயப்படுத்துபவர், வழிபாடு பள்ளிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்கிறார். இரண்டிலும் பறிபோவது ஒன்றே: தன் வணக்கத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை. சாதியால் கோயிலிலும் சுடுகாட்டிலும் பிரிந்து நிற்கும் ஊரில், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்கும் ஓரிடம் அரசுப் பள்ளியின் காலைக் கூட்டம். அந்த வரிசையை ஒரு நம்பிக்கையின் வரிசையாக்குவது, கிடைத்தற்கரிய ஒரு பொதுவெளியைச் சுருக்குவதாகும்.

பக்தி மிகுந்தவர்கள் இந்த நிலையை எதிர்ப்பார்கள் என்று கொள்ளவும் தேவையில்லை. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார், வள்ளலார் நெறியில் ஊன்றி நின்றவர். பதவி விட்டபின் வடலூரில் வாழ்ந்தவர். அவர் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த 1947இல்தான் ஆலய நுழைவுக்கான சட்டம் மாகாணம் முழுமைக்கும் வந்தது. ஆழ்ந்த இறைநம்பிக்கை கொண்ட ஒருவர், வழிபாடு எவருடைய ஏகபோகமும் ஆகாது என்று சட்டத்தின் வழியே நிலைநாட்ட முடிந்ததற்கு அவர் வாழ்வு சாட்சி.

6. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் ஒழுக்கம் பற்றியது. வழிபாடு இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு அடக்கமும் அறமும் எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள். அக்கறை உண்மையானது, அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அறம் கற்பிக்க எந்தத் தீர்ப்பும் தடை சொல்லவில்லை. அருணா ராய் தீர்ப்பு அதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. குறளும் உறுதிமொழியும் அன்றைய செய்தியும் அந்த வேலையைச் செய்யக்கூடியவை. மாறாக, அறம் என்ற பெயரில் சமயக் கருத்து நுழையும்போது என்ன நேரும் என்பதை 2024 ஆகஸ்டில் சென்னையின் அரசுப் பள்ளி நிகழ்வு ஒன்று காட்டியது. தன்னம்பிக்கை உரை என்று அழைக்கப்பட்ட பேச்சில் முற்பிறவி வினையும் உடற்குறைபாடும் இணைத்துப் பேசப்பட்டன. பார்வைக் குறைபாடுள்ள ஆசிரியர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டார். அங்கே நிகழ்ந்தது போதனை. அதற்கு எந்த மாணவரின் பெற்றோரிடமும் ஒப்புதல் கேட்கும் வழிமுறையே பள்ளிகளில் இல்லை என்பதுதான் அந்த நிகழ்வின் வேர்.

இரண்டாவது எதிர்வாதம், விரும்பாதவர் பேசாமல் நிற்கலாமே, அதுவே போதாதா என்பது. வயதுவந்தவருக்கு அது போதலாம். ஆயிரம் பேர் கைகூப்பி நிற்கும் வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் கையைத் தொங்கவிட்டு நிற்பது எளிய செயலன்று. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992இல் லீ எதிர் வைஸ்மன் வழக்கில், பட்டமளிப்பு விழாவின் பிரார்த்தனையை விலக்கியபோது, சகமாணவர்களின் பார்வையே ஒரு வற்புறுத்தல் என்பதை ஏற்றது. நம் ஊரில் அந்தப் பார்வைக்குப் பின்னால் சாதியும் சமயமும் சேர்ந்து நிற்கும். யார் பாடவில்லை என்பது, யார் எந்தத் தெரு என்ற கேள்வியாக மாறிவிடும். நாங்குநேரியில் பள்ளி மாணவரிடையே நிகழ்ந்த சாதி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறும் நெற்றிக்குறியும் பள்ளியில் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையில் எல்லோரும் உடன்படாமல் இருக்கலாம்; ஆனால் பள்ளியில் ஒரு பிள்ளை தனித்துத் தெரிவது எத்தகைய ஆபத்தாக முடியலாம் என்ற அதன் அடிப்படைக் கவலை மறுக்க முடியாதது. ஆகவே விலகும் உரிமை இறுதிக் காப்பாக இருக்கலாம். முதல் காப்பாக இருக்க முடியாது.

மூன்றாவது எதிர்வாதம் சிறுபான்மை நிறுவனங்களிடமிருந்து வருவது. தம் சமயச் சூழலில் பள்ளி நடத்தும் உரிமையை 30ஆம் பிரிவு தருகிறதே, ஒப்புதல் நிபந்தனை அதைக் குறைக்காதா என்பது. குறைக்காது. உதவிபெறும் மிஷன் பள்ளி வழிபாடு நடத்தலாம். பிற சமயப் பிள்ளையை அதில் சேர்க்கத்தான் ஒப்புதல் தேவை. 1846இல் பைபிளை எதிர்த்த சென்னை இந்துக்களின் நியாயமும், இன்று உபநிடத மந்திரத்தை எதிர்ப்போரின் நியாயமும் ஒரே தராசில் நிறுக்கப்பட வேண்டும். தனக்கு வேண்டும்போது மனச்சான்றைப் பேசி, பிறர்க்கு வேண்டும்போது மரபைப் பேசுவது நேர்மையாகாது. இந்தக் கோட்பாடு கோயிலின் பெயரால் நடக்கும் பள்ளிக்கும் தேவாலயத்தின் பெயரால் நடக்கும் பள்ளிக்கும் ஒன்றுபோல் பொருந்துவதே அதன் வலிமை.

7. முடிவாக

மேலே கண்ட தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றுவதற்குக் காரணம், அவை வேறு வேறு கேள்விகளுக்கு விடை சொல்வதே. எது பாடம், எது போதனை என்பதற்கு 1971, 2002 தீர்ப்புகள் விடை. போதனையோ பாட்டோ எதுவாயினும் எவரைக் கட்டாயப்படுத்தலாம் என்பதற்கு 1986, 2013 தீர்ப்புகள் விடை: எவரையும் இல்லை. அரசமைப்பு அமர்வு முதல் உட்பிரிவின் இடைவெளியை எப்படி நிரப்பினாலும், இந்த இரண்டாவது விடையை மாற்ற முடியாது. அது 25ஆம் பிரிவின் மனச்சான்று உரிமையில் ஊன்றியிருக்கிறது.

ஆகவே தீர்ப்புக்காகக் காத்திராமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. நடப்பதற்கு ஏற்ற பெயராகக் ‘காலைக் கூட்டம்’ என்று ஏடுகளில் எழுதலாம். பெயர் மாறினால், அதற்குள் எது வரலாம் என்ற எல்லையும் மாறும். உதவிபெறும் பள்ளிகள் வழிபாடு நடத்துமாயின், சேர்க்கைப் படிவத்திலேயே பெற்றோரின் ஒப்புதலைத் தெளிந்த தமிழில் கேட்கலாம். தராதவரிடம் காரணம் கேட்கக் கூடாது. பாடாமல் மரியாதையுடன் நிற்கும் பிள்ளையையும், கைகூப்பாத ஆசிரியரையும் கண்டிக்க எவருக்கும் அதிகாரமில்லை என்று கல்வித்துறை எழுத்தில் அறிவிக்கலாம். இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டாம். இருக்கும் சட்டத்தைப் படித்தால் போதும்.

மேல்பாதியில் கோயில் கதவு திறந்தபோது உள்ளே சென்றவர்கள் பெற்றது வணங்கும் உரிமை. அதே ஊர்ப் பிள்ளை மறுநாள் பள்ளி வரிசையில் நிற்கும்போது, தனக்குரியதல்லாத ஒரு வணக்கத்தைச் செய்யாமல் இருக்கும் உரிமையும் அதே 25ஆம் பிரிவிலிருந்தே வருகிறது. முதலாவதற்காகப் போராடிய சமூகம், இரண்டாவதைத் தன் பிள்ளைகளுக்கு மறுக்க முடியாது.